ஆட்டைத் தின்றது யார்? பண்டைய யூதக் கனவு நூல்களில் விலங்குகளும் உணவுத் தீட்டும்

வேதாகம விலங்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு விளக்கங்கள் முந்திக்கொண்டு வரும். "பன்றிக்கறியில் புழு இருக்கும், அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் ஏது? அதனால்தான் யூதர்களுக்குத் தடை" என்பது ஒன்று. தானியேல் நூலிலும் ஏனோக்கு நூலிலும் வரும் மிருகங்கள் இன்றைய வல்லரசுகள்தான் என்று உலக வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் காணொளிகள் இன்னொன்று. முதலாவது விளக்கம் மருத்துவம் பேசுகிறது, இரண்டாவது ஜோசியம் பேசுகிறது. இந்த நூல்களை எழுதியவர்கள் எந்தக் கவலையில் எழுதினார்கள் என்பதை இரண்டுமே தவறவிடுகின்றன.

அந்தக் கவலை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கூடவே, "அசுத்தமான மிருகம் என்றால் கெட்ட மிருகம், கெட்ட மிருகம் என்றால் கெட்ட மக்கள்" என்று இந்த நூல்களை வைத்துப் பேசுபவர்களையும் பார்த்திருக்கிறேன். நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. அதனால் அடியிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே போவோம்.

அழுக்கு வேறு, தீட்டு வேறு

கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்த புதுத் துடைப்பம். ஒரு தூசிகூடப் படவில்லை. அதைச் சோற்றுப் பானைமேல் வைப்பீர்களா? மாட்டீர்கள். துடைப்பம் அழுக்காக இருப்பதாலா? கிடையாது. அதற்குரிய இடம் வேறு, அவ்வளவுதான். துடைப்பத்தின்மேல் நமக்குக் கோபமும் இல்லை. மூலையில் இருந்தால் வீட்டுக்கு வேண்டிய பொருள்.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல நல்ல சொல் இருக்கிறது: தீட்டு. அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். தீட்டு அழுக்கோடு சேர்ந்ததில்லை. எது எந்த எல்லைக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பது பற்றியது அது. எபிரேய மொழியில் இதற்கு 'தாமே' என்று பெயர், எதிர்ச்சொல் 'தாஹோர்'. நம் வேதாகமம் இவற்றை 'அசுத்தம்', 'சுத்தம்' என்று மொழிபெயர்த்தது. அந்த இரண்டு சொற்களும் இன்று சுகாதாரத் துறைச் சொற்களாகிவிட்டதால்தான் பாதிக் குழப்பம். இந்தக் கட்டுரையில் 'அசுத்தம்' என்று வரும் இடமெல்லாம் 'பந்திக்கும் பலிபீடத்துக்கும் வராதது' என்று படித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் என்ன சொல்கிறது

உணவுச் சட்டத்தின் மையம் லேவியராகமம் 11ஆம் அதிகாரம், உபாகமம் 14ஆம் அதிகாரம். தரையில் நடக்கும் விலங்குக்கு இரண்டு அடையாளங்கள் வேண்டும். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும், அசைபோடவும் வேண்டும். மாடு, ஆடு, மான் உள்ளே. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத நான்கு விலங்குகளைப் பெயர் சொல்லி விலக்குகிறது நூல். ஒட்டகம், குழிமுயல், முயல் மூன்றும் அசைபோடுகின்றன, ஆனால் விரிகுளம்பு இல்லை என்கிறது. பன்றிக்கு விரிகுளம்பு உண்டு, அசைபோடாது. (முயல் உண்மையில் மாடுபோல் அசைபோடுவதில்லை. வாயை ஓயாமல் அசைப்பதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கலாம்.) நீரில் வாழ்பவற்றுக்குச் சிறகும் செதிலும் வேண்டும். பறவைகளுக்கு அடையாளம் எதுவும் தரப்படவில்லை. தின்னக்கூடாத சுமார் 20 பெயர்கள் மட்டும் வரிசையாக வருகின்றன: கழுகு, பருந்து, காக்கை, ஆந்தை என்று. அடையாளம் தெரிகிறவற்றில் பெரும்பாலானவை வேட்டையாடுபவை அல்லது பிணம் தின்பவை.

இதில் புழு எங்கே வருகிறது? வரவே இல்லை. 'நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்' என்பதுதான் அதிகாரத்தின் முடிவில் சொல்லப்படும் காரணம். நோய், காய்ச்சல், கெட்டுப்போன கறி என்று ஒரு சொல்கூடக் கிடையாது.

பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒரு போக்கு தென்படும். உள்ளே வரும் தரைவிலங்குகள் அத்தனையும் புல் தின்பவை. மற்றொரு உயிரைக் கொன்று தின்னும் தரைவிலங்கு ஒன்றுகூட உள்ளே இல்லை. புல் தின்பவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன என்று பொருளில்லை. குதிரையும் கழுதையும் வெளியேதான். ஆனால் கொன்று தின்பவற்றுக்குக் கதவு முழுக்கவே அடைப்பு. 'யார் யாரைத் தின்கிறார்கள்' என்ற இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நம்மோடு வரும்.

அசுத்தமான விலங்குகளை அந்த மக்கள் வெறுத்தார்களா? ஆபிரகாமின் வேலைக்காரன் பெண் பார்க்கப் போனது ஒட்டகங்களோடு. அந்த ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியதால்தான் ரெபெக்காள் தேர்ந்தெடுக்கப்பட்டாள். எலியாவுக்குப் பஞ்ச காலத்தில் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தவை காக்கைகள். கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று யாத்திராகமம் சொல்கிறது. ஒட்டகமும் கழுதையும் உயிரோடு இருக்கும்போது தொட்டால் தீட்டில்லை, செத்தபின் உடலைத் தொட்டால்தான் தீட்டு.

சரி, இதுவரை பார்த்தது: அசுத்தம் என்பது நோயைப் பற்றியதோ குணத்தைப் பற்றியதோ இல்லை, எல்லையைப் பற்றியது. அந்த எல்லையின் ஒரு பக்கத்தில் கொன்று தின்னும் விலங்கே கிடையாது.

வெளிப்பாட்டு இலக்கியம் என்றால்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி யூதர்களிடையே ஒரு புதுவகை எழுத்து பரவியது. பழங்காலத்து ஞானி ஒருவருக்குக் கனவோ தரிசனமோ வருகிறது. வானத்தின் ரகசியங்களும் வரலாற்றின் போக்கும் முடிவும் அவருக்குக் காட்டப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு தூதன் கூட இருந்து விளக்குவான். இப்படிப்பட்ட நூல்களைத்தான் வெளிப்பாட்டு இலக்கியம் என்கிறோம். 'வெளிப்பாடு' என்றால் மூடியிருந்த திரையை விலக்கிக் காட்டுவது. ஏனோக்கு, தானியேல், எஸ்றா என்று மதிப்புமிக்க முன்னோரின் பெயரில் எழுதுவது இந்த வகையின் வழக்கம்.

இவற்றில் விலங்குகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குச் செய்தித்தாள் கேலிச்சித்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். கரடி வரைந்தால் ரஷ்யா. யாரும் விளக்கம் எழுத வேண்டாம், பார்த்ததும் புரியும். ஆனால் நாளைக்கே வேறொரு நாட்டுக்குக் கரடியைப் போட்டால் குழம்பிப்போவோம். அதாவது அந்தச் சித்திரம் தன் காலத்து வாசகரை நம்பி வரையப்பட்டது. வெளிப்பாட்டு நூல்களும் அப்படித்தான். கி.மு. 160களில் எருசலேமில் வாழ்ந்தவருக்குப் பளிச்சென்று தெரிந்ததை நாம் கொஞ்சம் உழைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாய் இறைச்சிக்காக உயிர்

அந்தக் காலம் எப்படிப்பட்டது? எருசலேமை ஆண்டவன் சிரியாவிலிருந்த கிரேக்க அரச மரபான செலூக்கியரின் மன்னன் நான்காம் அந்தியோக்கஸ். கி.மு. 167இல் அவன் யூதச் சட்டத்தையே தடைசெய்தான். விருத்தசேதனம் கூடாது, ஓய்வுநாள் கூடாது, தோரா என்ற யூதச் சட்ட நூலின் சுருள் வைத்திருந்தால் மரணம். ஆலயத்துப் பலிபீடத்தின்மேல் அந்நிய பீடம் எழுப்பப்பட்டது, பன்றி பலியிடச் சொல்லி ஆணை போனது.

மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு காட்சி. எலெயாசர் என்ற மறைநூல் அறிஞர், வயது 90. வாயைப் பிளந்து பன்றி இறைச்சியைத் திணிக்கிறார்கள், அவர் துப்பிவிடுகிறார். அந்தச் சடங்கை நடத்தியவர்களில் சிலர் அவருக்குப் பழைய நண்பர்கள். தனியே அழைத்துப் போய், "உமக்கு அனுமதிக்கப்பட்ட கறியை நீரே கொண்டுவாரும், பன்றிக்கறி தின்பதுபோல் நடித்துவிடும், உயிர் பிழைப்பீர்" என்கிறார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். 90 வயதில் எலெயாசர் அந்நிய வழிக்குப் போய்விட்டார் என்று இளைஞர்கள் நினைப்பார்களே என்பதுதான் அவர் கவலை. அடிபட்டே சாகிறார்.

நண்பர்கள் நீட்டியது தீட்டில்லாத கறிதான் என்பதைக் கவனியுங்கள். அதைத் தின்றிருந்தால் சட்டம் மீறப்பட்டிருக்காது. அப்படியும் அவர் தின்னவில்லை. உணவு இங்கே உணவாக மட்டும் இல்லை, 'நீ யார் பக்கம்' என்ற கேள்விக்குப் பதிலாகிவிட்டது. இதே ஆண்டுகளில் இறுதி வடிவம் பெற்ற தானியேல் நூல் ஒரு சாப்பாட்டுக் கதையோடு தொடங்குவதும் தற்செயலாகத் தெரியவில்லை. பாபிலோன் அரண்மனையில் ராஜாவின் பந்தி உணவும் திராட்சரசமும் தன்னைத் தீட்டுப்படுத்தும் என்று தானியேல் விலக்குகிறான். 10 நாள் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீருமே போதும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதே நூலின் 7ஆம் அதிகாரத்தில்தான் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் வருகின்றன.

ஏனோக்கின் மாட்டுக் கனவு

இந்த வகை எழுத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஏனோக்கு முதல் நூலின் 85 முதல் 90 வரையான அதிகாரங்கள். ஆய்வாளர்கள் இதை 'விலங்கு வெளிப்பாடு' என்கிறார்கள். முழு நூலும் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸில் மட்டுமே பிழைத்திருக்கிறது, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இதை வேதமாகவே ஏற்கிறது. 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி இதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். பிறகு சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் இதன் அரமேய மூலத்தின் துண்டுகள் கிடைத்தன. ஆகவே 'மறைக்கப்பட்ட நூல்', 'தடைசெய்யப்பட்ட நூல்' என்ற பரபரப்பெல்லாம் வேண்டாம். ஒரு பெரிய திருச்சபை இன்றுவரை படித்துவரும் நூல் இது.

கனவில் உலக வரலாறு முழுக்க ஒரு தொழுவமாக விரிகிறது. விதி எளிது: மனிதர்கள் விலங்குகளாக வருவார்கள், தூதர்கள் மனிதர்களாக வருவார்கள், விழுந்துபோன தூதர்கள் நட்சத்திரங்கள்.

பூமியிலிருந்து ஒரு வெள்ளைக் காளை எழுகிறது. அது ஆதாம். பின்னாலே ஒரு கிடாரி, ஏவாள். இரண்டு கன்றுகள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கறுப்புக் கன்று சிவப்பை முட்டுகிறது. அப்புறம் சிவப்புக் கன்றைக் காணவில்லை. தாய்ப்பசு அதைத் தேடி அலைகிறது, கிடைக்காமல் கதறுகிறது. ஆதியாகமத்தில் ஆபேல் செத்தபோது ஏவாள் அழுததாக ஒரு வரி இல்லை. இந்தக் கனவில் இருக்கிறது. கன்றைத் தேடிக் கத்தும் பசுவைப் பார்த்திருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிறகு வானத்திலிருந்து நட்சத்திரங்கள் விழுந்து பசுக்களோடு கலக்கின்றன. பிறப்பவை யானை, ஒட்டகம், கழுதை. மூன்றுமே உணவுச் சட்டத்தில் வெளியே நிற்பவை. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்து இராட்சதர்களை ஆசிரியர் இப்படிக் காட்டுகிறார். மாட்டின் வயிற்றில் மாடல்லாதது பிறக்கிறது, எல்லை உடைகிறது. இன்னொன்றையும் பாருங்கள். யானையும் ஒட்டகமும் கழுதையும் இலைதழை தின்னும் விலங்குகள்தானே? இந்தக் கனவில் அவை பல்லால் கடித்துக் காளைகளைத் தின்னத் தொடங்குகின்றன. இதே நூலின் தொடக்கப் பகுதியில் இராட்சதர்கள் மனிதர் உழைப்பையெல்லாம் தின்று தீர்த்து, பிறகு மனிதர்களையே தின்று, இரத்தத்தையும் குடிக்கிறார்கள். இரத்தம் என்பது தோராவில் யாருமே உண்ணக்கூடாதது. ஆக, தின்னக்கூடாததைத் தின்பதில்தான் உலகத்தின் முதல் சீரழிவு தெரியவருகிறது.

வெள்ளம் வடிந்தபின் நோவாவின் மூன்று காளைகளிலிருந்து சகல இனங்களும் பிறக்கின்றன: சிங்கம், சிறுத்தை, ஓநாய், நாய், கழுதைப்புலி, காட்டுப்பன்றி, நரி, பருந்து, கழுகு, காக்கை. இவைதான் தேசங்கள். நடுவில் ஒரு வெள்ளைக் காளை, ஆபிரகாம். அவருக்கு ஒரு காட்டுக்கழுதையும் (இஸ்மவேல்) ஒரு வெள்ளைக் காளையும் (ஈசாக்கு). ஈசாக்குக்கு ஒரு கறுப்புக் காட்டுப்பன்றியும் (ஏசா) ஒரு வெள்ளை ஆடும் (யாக்கோபு). அந்த ஆட்டுக்குப் பன்னிரண்டு ஆடுகள்.

காளை வம்சத்தில் திடீரென்று ஏன் ஆடு? செம்மறியும் சட்டப்படி சுத்தமான விலங்குதான். ஆனால் காளைக்குக் கொம்பும் பலமும் உண்டு. ஆட்டுக்கு மேய்ப்பன்தான் பலம். இஸ்ரவேல் என்ற மக்களை ஆசிரியர் எப்படிப் பார்த்தார் என்பது இந்த ஒரு மாற்றத்தில் தெரிகிறது. ஆடுகள் ஓநாய்களிடம் (எகிப்தியர்) போகின்றன, தண்ணீர் பிளந்து தப்புகின்றன, நாய்களிடமும் (பெலிஸ்தியர்) நரிகளிடமும் காட்டுப்பன்றிகளிடமும் கடிபடுகின்றன, பிறகு சிங்கங்களிடம் (பாபிலோனியர்) ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. ஆடுகளை அழைத்துவந்த மோசே மட்டும் வழியில் ஆடாயிருந்து மனிதனாக மாறுகிறார். அதாவது தூதர்களின் நிலைக்கு உயர்த்தப்படுகிறார்.

மேசைமேல் தீட்டான அப்பம்

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து சில ஆடுகள் திரும்பி வந்து இடிந்த வீட்டைக் கட்டுகின்றன. வீடு என்பது எருசலேம், அதற்குமேல் எழும் கோபுரம் ஆலயம். கோபுரத்தின் முன்னே மறுபடியும் மேசை போடுகிறார்கள். ஆனால் அதன்மேல் வைத்த அப்பமெல்லாம் தீட்டானது, சுத்தமில்லாதது என்று கனவு சொல்கிறது.

இந்த ஒரு வரி எனக்குத் திகைப்பைத் தந்தது. மேசையில் அப்பம் வைத்தவை ஓநாய்களோ காக்கைகளோ இல்லை, ஆடுகள். பிறப்பால் சுத்தமான விலங்குகள் சொந்த ஆலயத்தில் வைத்த அப்பம்தான் தீட்டாக இருக்கிறது. ஆசிரியரின் கோபம் வெளியே இருப்பவர்மேல் மட்டும் போகவில்லை. சொந்த ஆலயத்தில் சொந்தக் குருக்கள் நடத்தும் வழிபாட்டின்மேலும் போகிறது.

அப்புறம் பறவைகள் வருகின்றன. கழுகுகள் முன்னே, பிணந்தின்னிக் கழுகுகள், பருந்துகள், காக்கைகள் பின்னே. மகா அலெக்சாந்தரும் அவருக்குப் பின்வந்த கிரேக்க அரசுகளும் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். காக்கைகள் செலூக்கியர். பறவைகள் ஆடுகளின் கண்களைக் கொத்துகின்றன, சதையைத் தின்கின்றன. சதையும் தோலும் நரம்பும் போய் எலும்பு மட்டும் நிற்கிறது, பிறகு எலும்பும் மண்ணில் விழுகிறது. வந்த பறவைகளின் பெயர்கள் லேவியராகமத்தின் விலக்கப்பட்ட பறவைப் பட்டியலின் தொடக்கத்தை அப்படியே நினைவுபடுத்தும். தன் பந்திக்குள் வரக்கூடாது என்று விலக்கிய பறவைகளின் பந்தியில் இஸ்ரவேல் தானே உணவாகிவிட்டது. அந்தப் பட்டியலை மனப்பாடமாக அறிந்த வாசகருக்கு இந்தக் காட்சி எங்கே போய்த் தைத்திருக்கும்!

சில ஆட்டுக்குட்டிகள் கண் திறக்கின்றன, பெரிய ஆடுகளைக் கூப்பிடுகின்றன. பெரிய ஆடுகளின் காது அடைத்திருக்கிறது. காக்கைகள் ஒரு குட்டியைத் தூக்கிப்போகின்றன. பிறகு ஓர் ஆட்டுக்குப் பெரிய கொம்பு முளைக்கிறது. இது கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்த யூதா மக்கபேயு. அந்த மீட்பைத்தான் யூதர்கள் இன்றும் ஹனுக்கா என்று கொண்டாடுகிறார்கள். கனவு இந்த இடம்வரை நடந்த வரலாற்றோடு ஒட்டிப் போகிறது, இதற்குப்பின் எதிர்பார்ப்புக்குத் தாவுகிறது. இதை வைத்துத்தான் கி.மு. 160களில் எழுதப்பட்டது என்று கணிக்கிறார்கள்.

சுருக்கமாக: கனவு உணவுச் சட்டத்தின் வரைபடத்தை எடுத்துத் தேசங்களின்மேல் விரிக்கிறது. சுத்தமான விலங்கு இஸ்ரவேல், மற்றவை பிற தேசங்கள். ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் அருவருப்பானவர்கள் என்பதில்லை, அவர்கள் தின்பவர்கள் என்பது.

கழுகை ஏன் தின்னக்கூடாது: ஒரு பழைய பதில்

இது என் கற்பனை இல்லை என்பதற்கு அதே நூற்றாண்டையொட்டிய ஒரு சாட்சி உண்டு. எகிப்தின் யூதர்களிடையே கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'அரிஸ்தேயஸ் கடிதம்'. வெளிப்பாட்டு நூல் கிடையாது, நிதானமான விளக்க நூல். மோசே எலிக்கும் இதுபோன்ற ஜந்துகளுக்கும் கவலைப்பட்டா சட்டம் போட்டார் என்று அதில் பிரதான ஆசாரியர் கேட்கிறார். அனுமதித்த பறவைகள் சாதுவானவை, தானியம் தின்பவை: புறா, கவுதாரி, வாத்து. விலக்கியவை தம் பலத்தால் மற்றவற்றை ஒடுக்கித் தின்பவை. ஆகவே யாரையும் பலவந்தத்தால் ஒடுக்காதே என்பதே சட்டத்தின் உட்பொருள் என்கிறார். பிளந்த குளம்பு நன்மை தீமையைப் பிரித்தறிவது, அசைபோடுவது நினைத்துப் பார்ப்பது. நினைவு என்பது அசைபோடுதல் என்று தமிழிலும் சொல்கிறோமே, அதேதான். ஏனோக்கின் கனவும் இந்தக் கடிதமும் வேறு வேறு ஊர், வேறு வேறு நடை, ஆனால் கழுகைப் பார்த்த பார்வை ஒன்று.

இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது

இங்கே ஓர் எச்சரிக்கை. 'சுத்தம் என்றால் இஸ்ரவேல், அசுத்தம் என்றால் எதிரி' என்று மனப்பாடம் செய்துகொண்டு எல்லா நூலையும் திறக்கக் கிளம்பினால் தடுக்கி விழுவோம்.

தானியேல் 8ஆம் அதிகாரத்தில் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடாவும் மேற்கிலிருந்து ஓடிவரும் வெள்ளாட்டுக்கடாவும் மோதுகின்றன. இரண்டுமே பலிபீடத்துக்கு ஏற்ற சுத்த விலங்குகள். ஆனால் முதலாவது மேதிய பெர்சிய அரசு, இரண்டாவது கிரேக்க அரசு என்று நூலே சொல்லிவிடுகிறது. இன்னொரு பக்கம், கி.பி. 70இல் ரோமர் எருசலேமை அழித்தபின், முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட எஸ்றா நான்காம் நூலைப் பாருங்கள். பன்னிரண்டு சிறகும் மூன்று தலையும் கொண்ட கழுகாக ரோம் வருகிறது, எதிர்பார்த்ததுதான். அந்தக் கழுகை எதிர்த்துக் காட்டிலிருந்து கர்ஜித்து வருவது சிங்கம். சிங்கம் என்றால் மேசியா, யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர்! யூதாவைச் சிங்கக்குட்டி என்று ஆதியாகமமே அழைத்திருப்பதால் அந்தப் பழைய உருவகம் இங்கே தீட்டுப் பட்டியலை முந்திக்கொள்கிறது.

தானியேல் 7இல் வரும் மிருகங்களின் விஷயம் வேறு. கழுகுச் சிறகுள்ள சிங்கம், வாயில் மூன்று விலா எலும்பைக் கவ்விய கரடி, நான்கு தலையும் நான்கு சிறகுமுள்ள சிறுத்தை, இரும்புப் பல்லும் பத்துக் கொம்புமுள்ள பெயரில்லாத நான்காவது. இவை எந்தப் பட்டியலிலும் அடங்காத கலப்புகள். ஒவ்வொன்றும் 'அதனதன் ஜாதியின்படியே' படைக்கப்பட்டது என்று ஆதியாகமம் போட்ட ஒழுங்கையே கலைப்பவை. கரடியின் வாயில் எலும்பு, நான்காவதின் வாயில் இரும்புப் பல். அங்கேயும் பார்வை வாயின்மேல்தான் இருக்கிறது.

பன்றி நீட்டிய கால்

வெளிப்பாட்டு நூல்களின் காலம் முடிந்தபின்னும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. சுமார் ஐந்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'லேவியராகம ரப்பா' என்ற, ரபீக்களின் (யூத மத ஆசிரியர்களின்) விளக்கத் தொகுப்பு, லேவியராகமத்தின் அந்த நான்கு விலங்குகளையே நான்கு பேரரசுகளாகப் படிக்கிறது. ஒட்டகம் பாபிலோன், குழிமுயல் மேதியா, முயல் கிரேக்கம், பன்றி ரோம்.

முயல் ஏன் கிரேக்கம்? எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னர் முதலாம் தாலமியின் தகப்பன் பெயர் லாகோஸ். கிரேக்கத்தில் முயலுக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். தோராவைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்து, 'மயிர்க்காலி' என்று பொருள்படும் வேறு சொல்லைப் போட்டார்கள். அரச குடும்பத்தின் பெயரை அசுத்தப் பட்டியலில் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

பன்றி ஏன் ரோம்? பன்றி படுக்கும்போது முன்னங்காலை நீட்டிப் பிளந்த குளம்பைக் காட்டும், 'பாருங்கள், நான் சுத்தம்' என்பதுபோல். உள்ளே அசைபோடும் குடல் கிடையாது. ரோமும் அப்படித்தான், கொள்ளையடித்துக்கொண்டே நீதிமன்றம் போட்டு உட்காரும் என்கிறார்கள் ரபீக்கள். எருசலேம் அழிந்தபின் அங்கே முகாமிட்ட ரோமின் பத்தாம் படைப்பிரிவின் சின்னங்களில் ஒன்று காட்டுப்பன்றி. அந்த முத்திரை பதித்த ஓடுகள் எருசலேமில் கிடைத்திருக்கின்றன.

எல்லாரும் வெள்ளைக் காளை

மறுபடி ஏனோக்கின் கனவுக்கு வருவோம், அதன் முடிவைச் சொல்லாமல் விட்டால் எல்லாமே திரிந்துவிடும்.

முதலில் தீர்ப்பு. ஆடுகளுக்கு ஒரு பெரிய வாள் கொடுக்கப்படுகிறது, மிருகங்கள் ஓடுகின்றன. இதை மென்மையாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை, போர்க்காலத்து நூல் அது. பிறகு அக்கினி நிறைந்த பள்ளத்தில் தள்ளப்படுபவர்கள் யார்? விழுந்த நட்சத்திரங்கள். ஆடுகளைக் காக்க நியமிக்கப்பட்டு, சொன்ன அளவுக்குமேல் அவற்றைக் கொன்றுதீர்த்த 70 மேய்ப்பர்கள். மூன்றாவதாகக் கண் குருடான ஆடுகள். சுத்த விலங்குகளும் நெருப்பில் போகின்றன. பிறப்பு யாரையும் காப்பாற்றவில்லை.

அப்புறம் பழைய வீடு அகற்றப்பட்டு, அதைவிடப் பெரிய புது வீடு வருகிறது. மிஞ்சிய மிருகங்களும் பறவைகளும் ஆடுகளை வணங்குகின்றன. பிறகு எல்லாருமே அந்த வீட்டுக்குள் கூடுகிறார்கள். தீட்டுப் பட்டியலில் இருந்த அத்தனையும் ஆடுகளோடு ஒரே வீட்டில். அனைவரும் நல்லவர்களாகித் தம் வீட்டுக்குத் திரும்பி வந்ததால் ஆடுகளின் ஆண்டவர் மகிழ்ந்தார் என்கிறது கனவு. 'திரும்பி' என்ற சொல் காக்கைக்கும் ஓநாய்க்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. வாளை முத்திரையிட்டு வைத்துவிடுகிறார்கள். வீடு நிரம்பி வழிகிறது.

கடைசியில் ஒரு வெள்ளைக் காளை பிறக்கிறது. அப்போது எல்லா இனமும் மாறி வெள்ளைக் காளைகளாகின்றன. ஆடும்கூட ஆடாக நிற்பதில்லை. ஆதாம் எதுவாக இருந்தாரோ அதுவாக எல்லாரும் ஆகிறார்கள், இஸ்ரவேல் என்றும் தேசங்கள் என்றும் பிரிவதற்கு முந்திய நிலைக்கு. இந்த இடத்தில் என் வாசிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கும் மிருகத்துக்கும் பறவைக்கும் உணவாகக் கொடுக்கப்பட்டது பயிர்பச்சைகள்தான், இறைச்சிக்கான அனுமதி நோவா காலத்து வெள்ளத்துக்குப் பின்னால் வருவது. சிங்கமும் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும் என்பது ஏசாயா கண்ட கனவு. சிங்கமும் கழுகும் காளையாகிவிட்டால் தின்பவர் ஒருவரும் மிஞ்சுவதில்லை, தின்னப்படுபவரும் இல்லை. உணவுச் சட்டம் காவல் காத்த எல்லைக்கு அந்த உலகத்தில் வேலையே இருக்காது.

ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக்குப்பின் யோப்பா பட்டணத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில், பசித்திருந்த இன்னொரு யூதனுக்கு வானத்திலிருந்து துப்பட்டி இறங்குகிறது. அதில் சகலவித விலங்குகளும் பறவைகளும். 'அடித்துப் புசி' என்று குரல் கேட்கிறது. அந்த யூதன், இயேசுவின் சீடரான பேதுரு, திகைக்கிறார். அந்தக் கனவுக்கு அவர் பின்னால் சொல்லும் பொருளில் பன்றிக்கறி இல்லை. எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லக்கூடாது என்று தேவன் எனக்குக் காட்டினார் என்கிறார், ரோமப் படைத்தலைவன் ஒருவனின் வீட்டு வாசலுக்குள் நின்றுகொண்டு. விலங்கு என்றால் தேசம் என்ற பழைய சங்கேதம் தெரிந்தவர் என்பதால் அவரால் அதை அப்படிப் படிக்க முடிந்திருக்கலாம்.

ஏனோக்கு விழித்ததும் கடவுளைத் துதிக்கிறார். பிறகு அழத் தொடங்குகிறார், கண்ணீர் நிற்கவில்லை. முடிவு நன்றாகத்தானே இருந்தது, ஏன் அழுகை? கண்டதெல்லாம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கன்றைத் தேடிய பசு முதல் எலும்பாகி விழுந்த ஆடுகள் வரை.